மீன் தொட்டி ஹூடுக்குள் எல்இடி விளக்கு: வீட்டிலேயே கட்டிக்கொள்ள முழுமையான வழிகாட்டி

எல்இடி பட்டையை ஹூடின், அதாவது தொட்டி மூடியின், அடியில் ஒட்டி எரிய வைக்க அரை மணி நேரம் போதும். அது ஈரத்திலும் சூட்டிலும் வருடக்கணக்கில் எரிய வேண்டும் என்றால் வேலை கொஞ்சம் அதிகம். மூடிய ஹூடுக்குள் காற்று எப்போதும் நீராவியோடுதான் இருக்கும். இரவில் விளக்கு அணைந்து குளிர்ந்ததும் அந்த ஆவி பட்டையின் மீதே துளியாகப் படியும். செம்பு இணைப்பு பச்சை பிடிக்கும், பட்டை பாதி அணையும், பச்சை பிடித்த நீர் தொட்டிக்குள்ளேயே சொட்டும். செம்பு மீனை விட இறாலுக்கும் நத்தைக்கும் பெரிய நஞ்சு.

அதனால் இந்த வேலையில் வரிசை முக்கியம். முதலில் அளவும் கணக்கும். பிறகு துளையிடும் வேலை முழுவதும். அப்புறம் ஒட்டுவது, பற்றவைப்பது. அதன்பின் வெளியே வைத்துச் சோதனை. அடைப்பது அதற்கும் பிறகு. புதிதாகச் செய்பவர்களில் பலர் அடைத்த பிறகுதான் சோதிக்கிறார்கள். ஒரு இணைப்பு சரியில்லை என்று தெரிந்தால் சிலிக்கானை அறுத்தெடுத்து மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியதாகிறது.

எடுத்துக்காட்டுக்கு 24 அங்குல நீளம், 12 அங்குல அகலம், 12 அங்குல உயரமுள்ள நன்னீர்த் தொட்டியை வைத்துக்கொள்கிறேன். நம் வீடுகளில் அதிகம் இருக்கும் இரண்டு அடித் தொட்டி இதுதான். பவளம் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டிக்கு வேறு நிறமும் பல மடங்கு வெளிச்சமும் தேவை. இந்தக் கணக்கு அதற்குப் பொருந்தாது.

1. எவ்வளவு வெளிச்சம் வேண்டும் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

இந்தத் தொட்டியின் முழுக் கொள்ளளவு ஏறத்தாழ 56 லிட்டர். அடியில் மணல், மேலே விடும் இடைவெளி எல்லாம் கழித்தால் உண்மையில் 45 லிட்டர் தண்ணீர்தான் நிற்கும். கணக்கை இந்த 45ஐ வைத்தே போடுங்கள்.

மீன் வளர்ப்பவர்களிடையே புழங்கும் தோராயக் கணக்கு ஒன்று உண்டு. அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன், ஜாவா மாஸ் போன்ற நிழல் தாங்கும் செடிகளுக்கு லிட்டருக்கு 10 முதல் 20 லூமன் (வெளிச்சத்தை அளக்கும் அலகு). கிரிப்டோகோரைன், வாலிஸ்னேரியா வகைகளுக்கு 20 முதல் 30. சிவப்பு ரொட்டாலா போன்றவற்றுக்கு 40க்கு மேல். செடியே இல்லாமல் மீனைப் பார்க்க மட்டும் என்றால் 10 போதும்.

நடுத்தரமாக லிட்டருக்கு 25 என்று எடுத்தால் 45 × 25 = 1125 லூமன். சாதாரண எல்இடி பட்டை வாட்டுக்கு 80 லூமன் தரும் என்று அடக்கமாகவே வைத்துக்கொண்டால் 14 வாட் வேண்டும்.

"கொஞ்சம் கூடவே போட்டுவிடலாமே" என்ற ஆசை எல்லோருக்கும் வரும். கரியமில வாயு தனியாகச் செலுத்தாத தொட்டியில் அந்தக் கூடுதல் வெளிச்சத்தைச் செடியால் முழுக்கப் பயன்படுத்த முடியாது. பாசி பயன்படுத்திக்கொள்ளும். இரண்டு மடங்கு விளக்குப் போட்டவர்களின் தொட்டிக் கண்ணாடி சீக்கிரமே பச்சையாகிவிடும்.

2. எதை வாங்குவது, எதைத் தொடவே கூடாது

கடையில் மலிவாகக் கிடைக்கும் இரண்டு பொருட்களை முதலில் ஒதுக்கிவிடுகிறேன். ஒன்று, கல்யாண வீட்டு அலங்காரத்துக்குத் தொங்கவிடும் 230 வோல்ட் ரோப் லைட். இன்னொன்று, டிஓபி என்று கேட்டால் தரும் வட்டமான அல்லது நீளமான எல்இடி தகடு. டிரைவர் ஆன் போர்டு என்பதன் சுருக்கம் அது. மின்மாற்றி எதுவும் இல்லாமல் வீட்டு மின்சாரம் நேராக அந்தத் தகட்டுக்கே வருகிறது. பல்பு கூட்டுக்குள் கை படாமல் இருக்கும்வரை அது சரி. தண்ணீருக்கு மேல் திறந்து வைத்தால் எரியும் விளக்கின் எந்தப் புள்ளியைத் தொட்டாலும் உயிருக்கு ஆபத்து. வெளிச்சம் நன்றாக இருக்கிறதே, விலை குறைவாக இருக்கிறதே என்று இதை ஹூடுக்குள் திருகி வைப்பவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம்.

நமக்குத் தேவை 12 வோல்ட் நேர்மின்சாரப் பட்டை. 2835 வகை, மீட்டருக்கு 120 எல்இடி, மீட்டருக்கு 9.6 வாட் என்று குறிப்பிட்டதைக் கேளுங்கள். 50 சென்டிமீட்டர் நீளத்தில் மூன்று வரிசை போட்டால் மொத்தம் 1.5 மீட்டர், 14.4 வாட். நம் கணக்குக்குச் சரியாக இருக்கிறது. இந்தப் பட்டையை மூன்று எல்இடிக்கு ஒருமுறை, அதாவது 2.5 சென்டிமீட்டருக்கு ஒருமுறை வெட்டலாம். 50 சென்டிமீட்டர் வெட்டுக் கோட்டிலேயே வந்து விழும்.

நிறம் 6500 கெல்வின். பகல் வெளிச்சத்தை ஒத்த வெள்ளை. செடியும் வளரும், மீனின் நிறமும் இயல்பாகத் தெரியும். கப்பி, ஃபைட்டர் போன்ற சிவந்த மீன்கள் இருந்தால் மூன்றில் நடு வரிசையை மட்டும் 4000 கெல்வின் போடலாம், சிவப்பு எடுப்பாகத் தெரியும். நிறம் மாறும் ஆர்ஜிபி பட்டை பார்வைக்குத்தான். அதை நம்பிச் செடி வைக்காதீர்கள்.

ஐபி65 என்று எழுதிய, மேலே சிலிக்கான் பூசிய பட்டையை வாங்கினால் தண்ணீர் பயம் இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். கத்தரிக்கோலால் வெட்டிய இடத்திலும், கம்பி பற்றவைக்கச் சிலிக்கானை உரித்த இடத்திலும் அந்தப் பாதுகாப்பு போய்விடுகிறது. ஈரம் அந்த முனை வழியாக உள்ளே போய்ப் பூச்சுக்கு அடியிலேயே தங்கிவிடும், வெளியே வர வழியும் இல்லை. நாள்பட்டால் பூச்சு மஞ்சளாகவும் ஆகும். அதனால் பூச்சில்லாத ஐபி20 பட்டையையே வாங்குங்கள். ஈரத்தைத் தடுக்கும் பொறுப்பை நாம் கட்டப்போகும் பெட்டியிடம் விட்டுவிடலாம். மேலே அலுமினியத் தகடு, சுற்றிலும் சட்டம், கீழே நிறமற்ற அக்ரிலிக், தகட்டின் உள்பக்கத்தில் பட்டை. அதுதான் பெட்டி.

அடாப்டர் 12 வோல்ட், 2 ஆம்பியர். பட்டை கேட்பது 14.4 ÷ 12 = 1.2 ஆம்பியர். அடாப்டர் தன் திறனில் 80 சதவீதத்துக்குள் வேலை செய்தால் சூடாகாமல் நீடித்து உழைக்கும். இங்கே 60 சதவீதம்தான் வருகிறது. லேப்டாப் சார்ஜர் போல நாலாபுறமும் மூடிய பிளாஸ்டிக் அடாப்டராக, பிஐஎஸ் பதிவு எண்ணும், சதுரத்துக்குள் சதுரம் போட்ட இரட்டைக் காப்புக் குறியும் அச்சிட்டதாக இருக்கட்டும். துளை போட்ட தகரப் பெட்டியில் திருகாணி முனைகள் வெளியே தெரியும் எஸ்எம்பிஎஸ் வேண்டாம். அதன் ஒரு பக்கத்தில் 230 வோல்ட் திறந்த நிலையில் நிற்கிறது.

சென்னைக்காரர்களுக்கு அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவில் பட்டை, அடாப்டர், கேபிள் கிளாண்ட் (கம்பி நுழையும் துளையை இறுக்கி அடைக்கும் திருகு மூடி) எல்லாம் ஒரே நடையில் கிடைத்துவிடும். ஹூடே புதிதாக வாங்க வேண்டும் என்றால் கொளத்தூர் பக்கம் போகலாம். தொட்டியின் அளவை எழுதி எடுத்துப் போங்கள். இரண்டு அடி என்று சொல்லி வாங்கிய ஹூட், கண்ணாடித் தடிமன் வேறுபாட்டால் உட்காராமல் போவதுண்டு.

3. வேலை தொடங்கும் முன் மேசையில் இருக்க வேண்டியவை

அலுமினியத் தகடு 56 × 16 சென்டிமீட்டர், 1.5 மில்லிமீட்டர் தடிமன். அதே அளவில் 3 மில்லிமீட்டர் நிறமற்ற அக்ரிலிக் ஷீட். சுற்றுச் சட்டத்துக்கு 12 மில்லிமீட்டர் அலுமினியச் சதுரக் குழாய், ஒன்றரை மீட்டர். மூன்றையும் வாங்குகிற கடையிலேயே அளவு சொல்லி வெட்டித் தரச் சொல்லுங்கள். வீட்டில் ஹாக்ஸா பிளேடால் நேராக வெட்டுவது கடினம்.

துருப்பிடிக்காத எஃகில் 3 மில்லிமீட்டர் தடிமன், 25 மில்லிமீட்டர் நீளத் திருகாணி, நட், வாஷர். ஜன்னல் இடுக்கை அடைக்கும் மெல்லிய ஃபோம் டேப். பிஜி7 கேபிள் கிளாண்ட் ஒன்று. இரட்டை உறையுள்ள வட்டமான இரு இழைக் கம்பி 2 மீட்டர். உள் இணைப்புகளுக்கு மெல்லிய பல இழைக் கம்பி. ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ், சூடு தாங்கும், மின்சாரம் கடத்தாத பழுப்பு நிற கேப்டான் டேப், 25 வாட் சால்டரிங் அயர்ன், ஈயம், ஈயம் நன்றாகப் பிடிக்க உதவும் ஃப்ளக்ஸ், மல்டிமீட்டர்.

சிலிக்கான் விஷயத்தில் கவனம். மீன் தொட்டிக் கண்ணாடி ஒட்டும் சாதாரணச் சிலிக்கான் காயும்போது வினிகர் வாடை அடிக்கும். அது அசிட்டிக் அமிலம். தொட்டிக்கு அது நல்லதுதான். மூடிய பெட்டிக்குள் அந்த ஆவி செம்பையும் சால்டர் முனைகளையும் அரித்துவிடும். நமக்கு வேண்டியது நியூட்ரல் க்யூர் என்று குழாயின் மேலேயே எழுதியிருக்கும் வகை. குளியலறைக்கான பூஞ்சைத் தடுப்பு மருந்து கலந்ததை வாங்காதீர்கள். ஹூடுக்குள் அதில் படும் துளி மீனின் தண்ணீரில்தான் விழும்.

மல்டிமீட்டர் இல்லாமல் சமாளிக்கலாமா என்று கேட்பார்கள். முடியாது. பட்டையை விட அதைத்தான் முதலில் வாங்கச் சொல்வேன்.

4. துளைகள் எல்லாவற்றையும் முதலிலேயே போட்டுவிடுங்கள்

சதுரக் குழாயைத் தகட்டின் நான்கு ஓரங்களுக்குச் சட்டம் போல வெட்டி வையுங்கள். தகடு, சட்டம், அக்ரிலிக் மூன்றையும் அடுக்கி கிளாம்ப் போட்டு இறுக்கி, 10 முதல் 12 சென்டிமீட்டருக்கு ஒரு துளை வீதம் சுற்றிலும் 3.2 மில்லிமீட்டர் டிரில்லால் ஒரே மூச்சில் துளையிடுங்கள். தனித்தனியாகத் துளையிட்டால் கடைசியில் ஒன்றுக்கொன்று சேராது.

அடுக்கைப் பிரித்து, அக்ரிலிக்கின் துளைகளை மட்டும் 4 மில்லிமீட்டருக்குப் பெரிதாக்குங்கள். சூட்டில் அலுமினியத்தைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு அக்ரிலிக் விரியும். 56 சென்டிமீட்டர் நீளத்தில் அது கண்ணுக்குத் தெரியும் அளவு. துளை இறுக்கமாக இருந்தால் திருகாணியைச் சுற்றி விரிசல் விழும்.

அக்ரிலிக்கைத் துளைக்கும்போது அடியில் மரக்கட்டை வையுங்கள், வேகத்தைக் குறையுங்கள், காகித உறையைப் பிரிக்காதீர்கள். கிளாண்டுக்கு 12.5 மில்லிமீட்டர் துளை ஒன்றை அலுமினியத் தகட்டின் ஒரு மூலையில் போடுங்கள், சட்டத்துக்கு உள்பக்கமாக. கம்பி மேல்பக்கமாக வெளியேற வேண்டும். கீழ்ப்பக்கமோ ஓரமோ வைத்தால் துளி கம்பி வழியே உள்ளே இறங்கும்.

இதையெல்லாம் பட்டை ஒட்டும் முன்பே முடிக்கச் சொல்வதற்குக் காரணம் அலுமினியத் துருவல். பட்டை ஒட்டிய பிறகு ஒரே ஒரு துளை போட்டாலும், பறக்கும் துருவல் இரண்டு செம்புப் புள்ளிகளுக்கு நடுவே உட்கார்ந்து ஷார்ட் ஆகிவிடும்.

துளைகளின் பிசிறை அரம் வைத்துத் தேய்த்து, தகட்டைச் சோப்பு நீரில் கழுவித் துடைத்துக் காய வையுங்கள். காய்ந்ததும் சட்டத்தைத் தகட்டோடு நியூட்ரல் சிலிக்கானால் ஒட்டி, துளைகள் ஒன்றின் மேல் ஒன்று நிற்க நான்கு திருகாணிகளைத் தற்காலிகமாகச் செருகி, ஒரு நாள் காய விடுங்கள்.

5. பட்டையை வெட்டி ஒட்டுதல்

வெட்டுக் கோடு செம்புப் புள்ளிகளின் நடுவே செல்லும். கோட்டின் மேலேயே கூர்மையான கத்தரிக்கோலால் வெட்டுங்கள். ஒரு மில்லிமீட்டர் தள்ளி வெட்டினாலும் ஒரு பக்கத்தில் பற்றவைக்க இடம் இருக்காது.

தகட்டைச் சர்ஜிக்கல் ஸ்பிரிட்டால் துடையுங்கள். நீளவாக்கில் நடுவே ஒரு வரிசை, அதற்கு இருபுறமும் 4 சென்டிமீட்டர் தள்ளி ஒவ்வொரு வரிசை. மூன்று வரிசையிலும் + குறி ஒரே திசையில் இருக்கட்டும். ஒட்டுவதற்கு முன் ஒவ்வொரு வரிசையின் இரு முனைக்கும் அடியில் ஒரு துண்டு கேப்டான் டேப் ஒட்டுங்கள். பல பட்டைகளில் செம்புப் புள்ளி பின்பக்கமும் திறந்திருக்கும். வெறும் அலுமினியத்தில் அது பட்டால் ஷார்ட். முதல்முறை எரிய வைக்கும்போது அடாப்டர் மினுக்கி மினுக்கி அணைகிறது என்று வருபவர்களிடம் நான் முதலில் பார்க்கச் சொல்வது இந்த இடத்தைத்தான்.

பட்டையின் பின்னாலுள்ள பசை சூட்டில் நாளடைவில் விட்டுவிடும். ஒவ்வொரு வரிசையிலும் எல்இடி இல்லாத மூன்று நான்கு இடங்களில் பட்டைக்குக் குறுக்கே நியூட்ரல் சிலிக்கானால் ஒரு மெல்லிய கோடு இழுத்துவிடுங்கள். பட்டை தகட்டை விட்டு எழும்பினால் அந்த இடத்தில் சூடு இறங்க வழியில்லாமல் எல்இடி சீக்கிரம் மங்கும். அலுமினியத் தகடு போடுவதே அந்தச் சூட்டை வாங்கிப் பரப்பத்தான்.

6. பற்றவைத்தல்

மூன்று வரிசையையும் இணையாகத்தான் இணைக்க வேண்டும். மூன்று + முனைகளும் ஒன்றாக, மூன்று − முனைகளும் ஒன்றாக, கிளாண்ட் இருக்கும் பக்கத்தில் சேரட்டும். ஒரு வரிசையின் வாலை அடுத்ததின் தலையோடு இணைத்துக்கொண்டே போனாலும் எரியும். ஆனால் அப்போது முதல் இணைப்பு விட்டுப்போனால் மூன்றும் அணையும். தனித்தனியே இணைத்தால் ஒன்று போனாலும் மற்ற இரண்டு எரியும், பழுது எங்கே என்பதும் உடனே தெரியும்.

செம்புப் புள்ளியில் ஃப்ளக்ஸ் தொட்டு, கொஞ்சம் ஈயம் ஏற்றுங்கள். கம்பி முனையிலும் தனியாக ஈயம் ஏற்றுங்கள். இரண்டையும் சேர்த்து வைத்து அயர்னை இரண்டு நொடி தொட்டு எடுங்கள். ஒட்டவில்லை என்று பத்து நொடி அழுத்திப் பிடித்தால் செம்புப் புள்ளியே பட்டையிலிருந்து கழன்று வந்துவிடும். ஈயம் பளபளவென்று சரிந்து பரவியிருந்தால் நல்ல இணைப்பு. உருண்டையாக, மங்கலாக நின்றால் மறுபடி சூடு காட்டுங்கள்.

அமுக்கிப் பூட்டும் கிளிப் கனெக்டர் பற்றவைப்பை விட எளிது. உலர்ந்த சுவர் அலமாரிக்கு அது போதும். ஈரம் உள்ள இடத்தில் அதன் பல் துருப்பிடித்து, விளக்கு மினுக்கத் தொடங்கும்.

வெளிக் கம்பியைக் கிளாண்ட் வழியாக நுழைத்து, உள்ளே ஒரு சுற்றுத் தளர்வாக விட்டு, பிறகு இணையுங்கள். இணைப்புகளின் மீது ஸ்லீவ் போட்டுச் சூடு காட்டிச் சுருக்குங்கள். ஸ்லீவைப் பற்றவைக்கும் முன்பே கம்பியில் கோத்துவிட வேண்டும் என்பதை மறந்துவிடாதீர்கள். ஃப்ளக்ஸ் மிச்சத்தை ஸ்பிரிட்டில் நனைத்த பழைய டூத்பிரஷ்ஷால் தேய்த்து எடுத்துவிடுங்கள், விட்டால் செம்பை அரிக்கும்.

7. மூடுவதற்கு முன் சோதனை

அடாப்டரை இணைக்கும் முன்பே மல்டிமீட்டரை மின்தடை அளவில் வைத்து மூன்று இடங்களில் பாருங்கள். + முனைக்கும் தகட்டுக்கும் இடையே, − முனைக்கும் தகட்டுக்கும் இடையே, +க்கும் −க்கும் இடையே. முதல் இரண்டிலும் தொடர்பே காட்டக் கூடாது. மூன்றாவதில் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் காட்டினால் எங்கோ ஷார்ட், கண்டுபிடிக்காமல் மேலே போகாதீர்கள்.

இப்போது எரிய விட்டு, எரியும்போதே பட்டையின் முனையில் வோல்டேஜ் பாருங்கள். 11.7 முதல் 12.2 வரை இருந்தால் நல்லது. 13 காட்டும் அடாப்டரைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஒரு வோல்ட்தானே என்று தோன்றும். பட்டையில் மூன்று எல்இடி ஒரு சின்ன மின்தடையோடு தொடராக நிற்கின்றன. அவை எடுத்துக்கொள்வது சுமார் 9 வோல்ட். மிச்சம் 3 வோல்ட்தான் அந்தச் சின்ன மின்தடை மீது விழுகிறது. 13 வோல்ட் வந்தால் அது 4 ஆகிறது. மின்னோட்டமும் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும். எல்இடி அதே விகிதத்தில் சூடாகும்.

பட்டையின் மறுமுனையிலும் அளந்து பாருங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் நடுவே ஏதோ இணைப்பு சரியில்லை.

பிறகு அக்ரிலிக்கை மேலே சும்மா வைத்து, ஒரு பகல் முழுக்க எரிய விடுங்கள். சில மணி நேரம் கழித்துத் தகட்டின் முதுகில் உள்ளங்கையை வையுங்கள். கை தாராளமாகத் தங்க வேண்டும். தங்க முடியாத சூடு என்றால் தகடு போதவில்லை, அல்லது பட்டை சொன்னதை விட அதிகம் இழுக்கிறது. மல்டிமீட்டரை ஆம்பியருக்கு மாற்றி, கம்பியில் தொடராக வைத்து அளந்தால் தெரிந்துவிடும். மே மாத வெயிலில் மூடிய ஹூடுக்குள் சூடு இன்னும் ஏறும் என்பதையும் சேர்த்தே யோசியுங்கள்.

8. அடைத்தல்

மழை நாளில் இந்த வேலையைச் செய்யாதீர்கள். பெட்டிக்குள் எந்தக் காற்று அடைபடுகிறதோ அதுவேதான் உள்ளே இருக்கப்போகிறது. விளக்கை ஒரு மணி நேரம் எரியவிட்டுச் சூடாக்கி, உள் ஈரத்தை விரட்டி, அணைத்ததும் மூடுவது நல்லது. புதுச் செருப்புப் பெட்டியில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றை மூலையில் ஒட்டி வையுங்கள், எல்இடியை மறைக்காமல்.

சட்டத்தின் மேல் முழுச் சுற்றும் ஃபோம் டேப் ஒட்டுங்கள். மூலையில் இடைவெளி விடாமல், இரண்டு முனைகள் சேருமிடம் ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல். அதன் மேல் அக்ரிலிக். திருகாணிகளை ஒரு பக்கமாக இறுக்கிக்கொண்டே வராதீர்கள். எதிரெதிர் மூலையாக, இரண்டு மூன்று சுற்றில் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். ஃபோம் பாதி அமுங்கினால் போதும்.

ஃபோம் எதற்கு, அக்ரிலிக்கையும் சிலிக்கான் போட்டு ஒட்டிவிடலாமே என்று நினைப்பார்கள். சிலிக்கான் கண்ணாடியைப் பிடிப்பது போல அக்ரிலிக்கைப் பிடிக்காது. சில மாதத்தில் ஒரு ஓரமாக உரிந்து வரும். நீராவி நுழைய அது போதும். அழுத்தத்தில் நிற்கும் ஃபோம் நம்பகமானது, நாளைக்குப் பிரிக்கவும் முடியும்.

திருகாணித் தலை, நட் இரண்டின் மேலும், குழாய் முனைகள் மூலையில் சேரும் இடத்திலும் ஒரு சொட்டுச் சிலிக்கான் வையுங்கள். கிளாண்டைக் கையால் முறுக்கி, பிறகு ஸ்பேனரால் கால் சுற்று. சிலிக்கான் காற்றின் ஈரத்தை வாங்கி வெளியிலிருந்து உள்ளே காயும், நாளுக்கு இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான். இரண்டு நாள் தொடாமல் விடுங்கள்.

காய்ந்த பிறகு ஒரு சோதனை. அகலமான பாத்திரத்தில் வெந்நீர் வைத்து, மின் இணைப்பு எதுவும் இல்லாமல், பெட்டியை அதன் மேல் அக்ரிலிக் கீழ்நோக்கி இருக்க இரவு முழுக்க வையுங்கள். காலையில் அக்ரிலிக்கின் வெளிப்பக்கம் நனைந்திருக்கும். அதைத் துடைத்துவிட்டுப் பாருங்கள். உட்புறம் தெளிவாக இருந்தால் பெட்டி தயார். மூட்டமாக இருந்தால் அது எந்த மூலையிலிருந்து தொடங்குகிறது என்று கவனித்து, அங்கே ஃபோமைச் சரி செய்யுங்கள்.

9. ஹூடில் பொருத்துதல்

பெட்டி 850 கிராமுக்கு மேல் எடை வரும். தீனி போடத் தூக்கும் மெல்லிய மூடியில் திருகினால் மூடி வளையும், கீலும் உடையும். ஹூடின் அசையாத பகுதியில், இரு ஓரமும் எல் வடிவத் தாங்கியில் உட்காருமாறு வையுங்கள். கையால் தூக்கி எடுக்கும்படி இருந்தால் இன்னும் நல்லது. வடிகட்டியைச் சுத்தம் செய்யும் ஒவ்வொரு முறையும் திருகாணி கழற்ற யாருக்கும் பொறுமை இருக்காது.

நீர்மட்டத்துக்கும் அக்ரிலிக்குக்கும் இடையே குறைந்தது 5 சென்டிமீட்டர் விடுங்கள். பெட்டியை நடுவுக்குச் சற்று முன்னால், பார்ப்பவர் பக்கமாகத் தள்ளி வையுங்கள். வெளிச்சம் பின்னாலிருந்து வந்தால் மீன் இருட்டுப் பொம்மையாகத் தெரியும். முன்னாலிருந்து விழுந்தால்தான் செதிலின் நிறம் நம் கண்ணுக்குத் திரும்பி வரும்.

ஹூடின் பின் சுவரில் மேல் விளிம்பை ஒட்டி ஐந்தாறு துளைகள் போடுங்கள், 10 மில்லிமீட்டர் அளவில். சூடான ஈரக் காற்று வெளியேற வழி வேண்டும். மீன் குதிக்க முடியாத அளவு துளை என்பதால் பயமில்லை.

10. மின் இணைப்பு

அடாப்டர் தொட்டிக்கு மேலேயோ நேர் கீழேயோ இருக்கக் கூடாது. பக்கவாட்டில், சுவரில், தண்ணீர் தெறிக்காத இடத்தில். ஹூடிலிருந்து வரும் கம்பி பிளக் பாயின்ட்டை விடத் தாழ்வாக ஒரு வளைவு இறங்கி, பிறகு மேலேறிப் போகட்டும். கம்பி வழியே வழியும் நீர் அந்த வளைவின் அடியில் சொட்டிவிடும், பிளக்குக்குள் ஏறாது. ஹீட்டர், ஃபில்டர் கம்பிகளுக்கும் இதையே செய்யுங்கள்.

நம் விளக்கு 12 வோல்ட்தான். ஆனால் அதே தொட்டியில் 230 வோல்ட் ஹீட்டரும் பம்ப்பும் தண்ணீருக்குள்ளேயே இருக்கின்றன. வீட்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்ததும் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) இல்லையென்றால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் போடச் சொல்லுங்கள். அது இருந்தாலும், தண்ணீரில் கை வைக்கும் முன் எல்லாப் பிளக்கையும் பிடுங்குங்கள்.

டைமர் கட்டாயம் போடுங்கள். கையால் போட்டு அணைக்கும் விளக்கு ஒரு நாள் 5 மணி நேரமும் மறுநாள் 13 மணி நேரமும் எரியும், செடி தேறாது. சுற்றும் முள் வைத்த டைமர் மின்வெட்டின்போது நின்றுவிடும், மின்சாரம் வந்ததும் விட்ட இடத்திலிருந்து ஓடும். உள்ளே சின்ன பேட்டரி உள்ள டிஜிட்டல் டைமர் நம் ஊருக்குப் பொருத்தம். வெளிச்சத்தைக் குறைக்க வேண்டும் என்றால் அடாப்டருக்கும் பெட்டிக்கும் நடுவே 12 வோல்ட் டிம்மர் ஒன்று சேர்க்கலாம், ஹூடுக்கு வெளியே.

11. முதல் சில வாரங்கள்

நாளுக்கு 6 மணி நேரத்தில் தொடங்குங்கள். செடி புது இலை விட்டு, கண்ணாடி சுத்தமாக இருந்தால் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அரை மணி நேரம் கூட்டி 8 மணி நேரம் வரை போகலாம். கண்ணாடியிலோ இலையிலோ பாசி ஏறினால் உடனே ஒரு மணி நேரம் குறையுங்கள். செடி உயரமாக, கணுக்கள் தள்ளித் தள்ளி, மேலே மட்டும் இலையோடு வளர்ந்தால் வெளிச்சம் போதவில்லை என்று அர்த்தம். டிம்மர் இருந்தால் கூட்டுங்கள். நேரத்தை நீட்டுவதை விட அது பலன் தரும்.

கும்மிருட்டில் திடீரென்று விளக்கு எரிந்தால் மீன்கள் மிரண்டு கண்ணாடியில் மோதும். அறை வெளிச்சம் வந்த பிறகு எரியுமாறு டைமரை வையுங்கள்.

போர்வெல் தண்ணீர் ஊற்றும் வீடுகளில் அக்ரிலிக்கின் அடியில் வெள்ளையாகச் சுண்ணாம்பு படியும். வெளிச்சம் மெல்ல மெல்லக் குறைவதால் கண்ணுக்கு உடனே தெரியாது. பட்டை மங்கிவிட்டது என்று புதிது வாங்கப் போகும் முன் இதைப் பாருங்கள். வாரம் ஒருமுறை தண்ணீர் மாற்றும்போதே ஈரத் துணியால் துடைத்துவிட்டால் படியாது. ஏற்கெனவே படிந்ததற்குப் பெட்டியைக் கழற்றித் தொட்டியை விட்டுத் தள்ளி எடுத்துப்போய், தண்ணீர் கலந்த வினிகர் தொட்ட துணியால் துடைத்து, நல்ல தண்ணீரில் அலசிய துணியால் மறுபடி துடையுங்கள். அக்ரிலிக்கில் ஸ்பிரிட் மட்டும் படக் கூடாது, அதில் நுண்ணிய விரிசல் வலை பின்னிவிடும்.